மறுநாள் விருந்தாளி

மழை சரியாக இரண்டு மணிக்குப் பிடித்துக்கொண்டது.

வீட்டு வாசலில் பாதிச் சாலையை அடைத்துப் போட்டிருந்த கூடாரத்தின் மேல் அது கொட்டிய சத்தத்தில், கேட்டரிங்காரர் சொன்னது என் காதில் விழவில்லை. கிட்டே போய் என்னவென்று கேட்டேன்.

"மேடம், பிரியாணிக்குக் கீழ நெருப்பை அணைச்சிடட்டுமா? அடி பிடிச்சிடும் மேடம்."

"வேணாம். இன்னும் ஆளுங்க வருவாங்க" என்றேன்.

பல வருடங்களாக எங்கள் வீட்டுத் தீபாவளிக்குச் சமைப்பவர் அவர். இரண்டு மணிக்குள் வராதவர்கள் இனி வரமாட்டார்கள் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் "ஓகே மேடம்" என்று சொல்லி, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் நெருப்பைக் குறைத்துவிட்டார்.

இருபது வட்ட மேசைகள். ஒவ்வொன்றையும் சுற்றிப் பத்து நாற்காலிகள். நாற்காலிக்கெல்லாம் ஊதா நிற உறை, பின்பக்கம் தங்க நிறத்தில் ஒரு ரிப்பன். அவற்றில் அப்போது ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். அந்த ஒன்பதில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்த்தி. பக்கத்து வீட்டுச் சீனத் தம்பதி இருவர். மீதி ஐந்து பேர் என் பழைய அலுவலகப் பெண்கள். பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டு, எழுந்து போனால் நான் தப்பாக நினைப்பேனோ என்று போக முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள்.

அது நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் தீபாவளி.

என் வீட்டுக்காரர் பொறியாளராக இருந்தவர். எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம் அவருக்கு. படிக்கட்டை எண்ணுவார். டோல் சாவடியில் முன்னால் நிற்கும் கார்களை எண்ணுவார். அன்றைக்கு மட்டும் அவர் எதையும் எண்ணவில்லை. இத்தனை வருட வாழ்க்கையில் அவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "பேசாம கிள்ளானுக்கு ஒரு போன் போடேன். அக்காவை எல்லாரையும் கூட்டிக்கிட்டு இன்னைக்கே வரச் சொல்லு. எப்படியும் நாளைக்கு வர்றவங்கதானே" என்றார் மெதுவாக.

கைபேசியை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றது. ஏன் நின்றது என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போன வாரம் இந்தப் பத்தியில் என் முதல் பதவி உயர்வைப் பற்றி எழுதியதற்கு நான்கைந்து பேர் பாராட்டி எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் பாராட்டு வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

தெருமுனை வரைக்கும் கார்

மனிதவளப் பிரிவின் இயக்குநர் என்று என் பெயர் அட்டையில் இருந்தது. ஆள் எடுப்பதும் ஆளை அனுப்புவதும் என் வேலை. இரண்டாவதைத்தான் நான் நன்றாகச் செய்வேன் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவன் பொய் சொல்கிறானா என்பது அவன் நாற்காலியை இழுக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும் என்று நானும் பீற்றிக்கொண்டதுண்டு.

இயக்குநர் ஆன வருடமே பெட்டாலிங் ஜெயாவில் பெரிய வீடாக வாங்கினோம். வாங்கிய வருடமே தீபாவளிக்குத் 'திறந்த இல்ல உபசரிப்பு' வைத்தேன். இங்கே அது ஒரு மரியாதை. நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் வீட்டில் நாம் சாப்பிட்டால், தீபாவளிக்கு நம் வீட்டில் அவர்கள் சாப்பிட வேண்டும். என் நிர்வாக இயக்குநர் சுல்தான் கொடுத்த டத்தோ பட்டம் உள்ளவர். அவர் வந்தால் அவருக்குக் கீழே உள்ளவர்கள் எல்லாரும் வருவார்கள். அவர்கள் வந்தால் அவர்களிடம் காரியம் ஆக வேண்டியவர்கள் வருவார்கள். கார்கள் தெருமுனை வரைக்கும் நிற்கும்.

வாசலில் சாயம் போட்ட அரிசியில் பெரிய கோலம். அதைப் போட பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஆள் வரும். கோலத்துக்குப் பக்கத்தில் நின்று எல்லாரும் என்னோடு படம் எடுத்துக்கொள்வார்கள். 'செலமட் தீபாவளி' என்று மலாயில் வாழ்த்துச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் சாயங்காலத்துக்குள் கன்னம் வலிக்கும்.

எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா என்று கேட்டால், இல்லை. காலை ஏழு மணிக்குக் கேட்டரிங் வேன் வந்துவிடும். சாமி படத்துக்கு முன்னால் நின்ற நேரம் இரண்டு நிமிடம் இருக்கலாம். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் தேடித் தேடி எடுத்த பட்டுச் சேலைக்குள் வியர்வை கொட்டும். நான் சாப்பிட உட்காரும்போது மணி ஐந்தாகியிருக்கும். அந்தப் பிரியாணி எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அத்தனை பேரும் எனக்காகத்தான் வந்தார்கள் என்று நினைத்தேன். ஆளை எடை போடுகிறவளின் லட்சணம் அவ்வளவுதான்.

லெட்சுமி அக்கா

எனக்கு ஒரே ஓர் அக்கா. பெயர் லெட்சுமி. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எங்கள் அப்பாவுக்குப் பொதுப்பணி இலாகாவில் சாலை போடும் வேலை. கிள்ளானில் இலாகா கொடுத்த குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தோம். வெயிலில் நின்று வந்த அப்பாவின் சட்டையில் எப்போதும் தார் வாடை இருக்கும். எத்தனை தடவை துவைத்தாலும் போகாது.

அக்காவைத் தியாகி ஆக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. அவளுக்குப் படிப்பு ஏறவில்லை. பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு நிறுத்திக்கொண்டு சந்தோஷமாகச் சுங்கை வே தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். காலையில் தொழிற்சாலை பஸ் வந்து ஹாரன் அடிக்கும். தலை ஈரத்தோடு ஓடுவாள். ஓடும்போதே திரும்பிப் பார்த்து என்னைத் திட்டிவிட்டுப் போவாள்.

அவள் வாய் அப்படிப்பட்ட வாய். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பாப்பா, கழுதை, எருமை. இந்த மூன்றுதான். எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவள்தான். பின்னால் பிடித்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு, சீட்டை ஓர் உதை உதைத்து அனுப்பினாள். நான் போய்ச் சாக்கடையில் விழுந்தேன். அதற்கும் எனக்குத்தான் திட்டு விழுந்தது.

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த நாளில் குவார்ட்டர்ஸே வந்து வாழ்த்தியது. அக்கா வேலை முடிந்து வந்து என் தேர்வு முடிவுத் தாளை வாங்கி விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். "இந்த ஒரு பாடத்துல மட்டும் ஏன் கொறைஞ்சிருக்கு? கண்ண எங்கடி வச்சிருந்த, எரும?" என்றாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள். பின்கட்டில் அவள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

பின்னாளில் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டாள். நான் மாமா என்று கூப்பிடுகிறவர். தொழிற்சாலையை மூடிய பிறகு ஒரு பள்ளிக்கூட கேண்டீனில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு பிள்ளைகள். கிள்ளானை விட்டு அவள் நகரவே இல்லை.

ஒரு ரிலேட்டிவ்

நான் உபசரிப்பு வைத்த இரண்டாம் வருடம் அது. ஒரு மணி இருக்கும். டத்தோ கையில் தட்டோடு நின்று என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். அக்கா, மாமா, பிள்ளைகள் எல்லாரும் மாமாவின் பழைய வேனில் வந்து இறங்கினார்கள்.

அக்கா நேரே என்னிடம் வந்தாள். "ஏய் பாப்பா! என்னடி இது, கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது? ஆபீஸ்ல சோறு போடறாங்களா இல்லையா?" என்று என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. டத்தோவும் சிரித்துவிட்டு, யார் இது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் அக்கா என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொன்னது, "எ ரிலேட்டிவ். ஃப்ரம் கிளாங்." கிள்ளானிலிருந்து வந்த யாரோ ஒரு சொந்தம்.

தொழிற்சாலையில் அத்தனை வருடம் வேலை பார்த்தவளுக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியாதா? கன்னத்திலிருந்த அவள் கை மெதுவாகக் கீழே இறங்கியது. அந்தக் கையில் பூண்டு வாசம் அடித்தது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

அவள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக் கொடுத்தாள். தானும் நின்றபடியே சாப்பிட்டாள். பிறகு சமையலறைக்குப் போய் சிங்க்கில் கிடந்த கண்ணாடித் தம்ளர்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, "வரேன் மா" என்றாள்.

அன்று வரைக்கும் அவள் என்னை 'மா' போட்டுப் பேசியதே இல்லை. அது அவள் வெளியாட்களிடம் பேசுகிற பேச்சு.

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுத்த தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் போன் செய்து, அன்பாகத்தான் சொன்னேன். "அக்கா, அன்னைக்கு ஒரே கூட்டமா இருக்கும். உங்களுக்கெல்லாம் உட்காரக்கூட எடம் இருக்காது. மறுநாள் வாங்களேன், நிதானமா பேசலாம்."

"சரி மா" என்றாள்.

அதன் பிறகு பன்னிரண்டு வருடம் மறுநாள்தான் வந்தாள். ஒரு தகர டப்பாவில் அவள் சுட்ட அச்சு முறுக்கு இருக்கும். மிச்சப் பிரியாணியைச் சூடு பண்ணிக் கொடுப்பேன். சாப்பிட்டு முடித்ததும் நேரே சிங்க்குக்குப் போய்விடுவாள். "விடுக்கா, வேலைக்கு ஆள் இருக்கு" என்பேன். விடமாட்டாள். கேண்டீனில் வேலை செய்கிறவளுக்குக் கை சும்மா இருக்காது போல என்று நினைத்துக்கொள்வேன். நிதானமாகப் பேசலாம் என்று நான் சொன்ன அந்தப் பேச்சு மட்டும் ஒரு வருடமும் நடக்கவில்லை. நான் சோபாவில் கால் நீட்டித் தூங்கிப்போயிருப்பேன்.

போனில் கேட்ட சத்தம்

மறுபடி அந்த மழைக்கு வருகிறேன்.

போன் நெடுநேரம் அடித்தது. எடுத்ததும் முதலில் கேட்டது சிரிப்புச் சத்தம். யாரோ மைக்கைப் பிடித்துக்கொண்டு தாளம் தப்பிப் பாடிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் கத்தின. சட்டி மூடி ஒன்று தரையில் விழுந்து உருண்டது. அதையெல்லாம் தாண்டி அக்காவின் குரல் வந்தது. "யாரு? சத்தமா பேசுங்க!"

"நான்தான்கா. இன்னைக்கே எல்லாரும் வாங்களேன். சாப்பாடு நெறைய இருக்கு."

"இன்னைக்கா? ஏன் மா, ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

"இன்னைக்கு எப்படி மா வர்றது? வீடு நெறைய ஆளு. மாமாவோட லோரி கூட்டாளிங்க, கேண்டீன் ஆளுங்க, பக்கத்து வீட்டு மலாய்க்காரங்க, எல்லாரும் இருக்காங்க. தீபாவளின்னா இங்க எல்லா வருஷமும் இப்படித்தானே? நாங்க நாளைக்கு வரோம், எப்பவும் மாதிரி."

எல்லா வருஷமும் இப்படித்தானே என்றாள். எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடமாக, நான் கூப்பிடாததால் அவள் தீபாவளி அன்று கிள்ளானில் வாடிப்போய் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்து, உள்ளூரக் கொஞ்சம் வருத்தப்பட்டும் இருக்கிறேன். அவள் வீட்டில் அன்று யார் வருவார்கள், என்ன சமைப்பாள் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"சரிக்கா" என்று வைத்துவிட்டேன்.

பிரியாணியைக் கேட்டரிங்காரர் கட்டிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் மழையிலேயே அதை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு அழுகை வரவில்லை. நாற்காலி உறைகளில் கட்டிய ரிப்பன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அது கேட்டரிங் ஆட்களின் வேலை. அவர்களும் என்னைத் தடுக்கவில்லை.

மறுநாள் அக்கா வந்தாள். சாப்பிட்டாள், சிங்க்குக்குப் போனாள். வழக்கமாகக் குவிந்து கிடக்கும் இடத்தில் ஏழெட்டுத் தம்ளர்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கழுவ ஆரம்பித்தாள்.

காகிதத்தில் எழுதியது

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் நான் என்னைத் தேடினேன். இப்படிச் சொன்னால் பெரிதாக இருக்கிறது. உண்மையில் ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு ஓடினேன். யோகாவுக்குப் போனதில் முதுகு பிடித்துக்கொண்டது. நீர்வண்ண ஓவியத்தில் நான் வரைந்த வாழைப்பழத்தைப் பார்த்து ஆசிரியர், படகு அழகாக இருக்கிறது என்றார்.

கடைசியில் பங்சாரில் ஒரு பயிற்சியாளரிடம் போனேன். வாழ்க்கையில் அடுத்து என்ன என்று வழிகாட்டுகிறவராம். சின்னப் பெண், நல்ல பெண். இந்த மாதிரி ஆட்களை என் ஊழியர்களுக்காக நானே எத்தனையோ பேரை அமர்த்தியிருக்கிறேன். அவர்கள் முன்னால் ஒரு நாள் நானே உட்காருவேன் என்று நினைத்ததில்லை.

"ஆன்டி, இருபது வயசுக்கு முன்னாடி உங்களுக்கு எது சந்தோஷமா இருந்துச்சோ, அதை யோசிக்காம எழுதுங்க" என்று ஒரு காகிதத்தை நீட்டினாள்.

நான் யோசிக்காமல் எழுதினேன். 'அக்காவிடம் திட்டு வாங்குவது.'

அதைப் படித்துவிட்டு அவள் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, "ஆன்டி, இது சின்ன வயசு ட்ரோமா மாதிரி இருக்கு. இதைப் பத்திப் பேசலாமா?" என்றாள்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கப்புறம் அங்கே போகவில்லை. ஆனால் அவள் காகிதம் வேலை செய்துவிட்டது. எனக்கு வேண்டியது ஓவியமும் இல்லை, யோகாவும் இல்லை. என்னை மேடம் என்று பார்க்காத ஒரே ஓர் ஆள் உலகத்தில் இருந்தாள். அவளை நானே விருந்தாளியாக்கி அனுப்பிவிட்டேன். அவள் திரும்பி வர வேண்டும்.

மின்விசிறி

வாரம் ஒரு நாள் ஃபெடரல் நெடுஞ்சாலையில் கிள்ளானுக்குப் போக ஆரம்பித்தேன்.

போனதும் அக்கா கூடத்தில் இருக்கும் ஒரே நல்ல நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைப்பாள். அவளும் மாமாவும் வியர்வையில் உட்கார்ந்திருப்பார்கள். டீ தட்டில் வரும். மற்றவர்களுக்கு எவர்சில்வர் தம்ளர், எனக்குப் பூப்போட்ட கோப்பை.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தால், "இது எங்க சொந்தத் தங்கச்சி. பெரிய கம்பெனில டைரக்டரா இருந்துச்சு" என்று அக்கா பெருமையாகச் சொல்வாள். சொந்தத் தங்கச்சி என்று அழுத்திச் சொல்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோப்பையைக் கீழே வைக்க வேண்டியிருக்கும்.

தீபாவளிக்கு முன்னால் அவளுக்கு முறுக்கு ஆர்டர் வரும். "நானும் பிழியறேன்கா" என்றேன்.

"வேணாம் மா. எண்ணெ தெறிக்கும். நீ உக்காரு."

"நான் என்ன கண்ணாடி பொம்மையா?"

"சேல அழுக்காயிடும் மா" என்று சிரித்தாள்.

ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஆரம்பித்தேன். "அக்கா, அந்த வருஷம் டத்தோ முன்னால நான் சொன்னது..."

"டீ ஆறுது மா" என்றாள்.

இன்னொரு தடவை ஆரம்பித்தேன். எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஆட்களை வேலையை விட்டு அனுப்பும்போது நானும் இப்படித்தான் அவர்களைப் பேசவிடாமல் பார்த்துக்கொள்வேன். பேசவிட்டால் நம் மனம் இளகிவிடும்.

அதே வார்த்தைகள்

அந்த வருடம் உபசரிப்பு இல்லை என்று முடிவு செய்தோம். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அக்காவுக்குப் போன் செய்தேன். நான்தான் பெரிய மனது பண்ணுவதுபோல் குரலில் ஓர் உற்சாகம் வேறு.

"அக்கா, இந்தத் தடவ தீபாவளி அன்னைக்கு நாங்க உங்க வீட்டுக்கு வரோம்!"

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"அன்னைக்கு வேணாம் மா" என்றாள். "அன்னைக்கு ஒரே கூட்டமா இருக்கும். மாமா கூட்டாளிங்க குடிப்பாங்க, கத்துவாங்க. உங்களுக்கு உட்காரக்கூட எடம் இருக்காது. மறுநாள் வாங்களேன், நிதானமா பேசலாம்."

"சரிக்கா" என்றேன்.

பழி வாங்கினாளா, அக்கறையில் சொன்னாளா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஏறக்குறைய நான் சொன்ன அதே வார்த்தைகள். ஆனால் அவள் குரலில் குத்தல் இருந்ததாகச் சத்தியம் செய்ய மாட்டேன். நாற்காலியை இழுப்பதைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுகிற என்னால் என் சொந்த அக்காவைப் படிக்க முடியவில்லை. நான் அன்று சொன்னது அவளுக்கு நினைவில் இல்லாமலே இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் அது இன்னும் மோசம். கூட்டத்தில் நான் பொருந்தமாட்டேன் என்று அவள் உண்மையாகவே நினைத்திருக்கிறாள்.

தீபாவளி அன்று நானும் என் வீட்டுக்காரரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. இட்லி சாப்பிட்டோம். கைபேசியில் வாழ்த்துப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. வாசல் கேட்டை நான் காலையிலிருந்து திறந்துதான் வைத்திருந்தேன். சாயங்காலம் அவர் போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

அன்று முழுக்க, இந்நேரம் அக்கா வீட்டில் சாப்பாடு போட்டிருப்பார்கள், இந்நேரம் யாராவது மைக்கைப் பிடித்திருப்பார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வரச் சொல்லப்பட்டவர்களுக்குத் தீபாவளி எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

அடி பிடித்த சட்டி

மறுநாள் பதினொரு மணிக்குப் போனோம். வாசல் முழுக்கப் பட்டாசுக் காகிதம். கூடத்தில் நாற்காலிகள் கண்டபடி கிடந்தன. மாமா ஒரு பக்கம் படுத்திருந்தார். என் வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தொலைக்காட்சியைப் பார்க்க ஆரம்பித்தார்.

அக்கா அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. கட்டிலுக்குக் கீழே ஒரு தைலப் புட்டி உருண்டு கிடந்தது. எவ்வளவு வயதாகிவிட்டது இவளுக்கு என்று நின்று பார்த்தேன். எழுப்ப மனம் வரவில்லை.

பின்பக்கம் போனேன். குழாயடியில் ஆட்டுக்கறி செய்த பெரிய அலுமினியச் சட்டி கிடந்தது. அடி நன்றாகப் பிடித்துக் கறுத்துப் போயிருந்தது. அதைச் சுற்றித் தட்டுகள், கரண்டிகள். ஈ மொய்த்தது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தே பல வருடம் இருக்கும், இடுப்பு பிடித்துக்கொண்டது. பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒன்று கிடைத்தது. சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிடிவாதமாகத் தேய்த்தேன். கறுப்புத் தண்ணீர் புடவையெல்லாம் தெறித்தது.

எவ்வளவு நேரம் போனதோ. பின்னால் செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது.

"அடியே!"

திரும்பிப் பார்த்தேன். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை கலைந்திருந்தது. கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை.

"பஞ்ச வச்சித் தேய்ச்சா அது போகுமாடி, கழுத? சுடுதண்ணி ஊத்தி ஊறப் போட வேணாம்? கம்பி நாரு எங்கன்னு ஒரு வார்த்த கேக்கத் தெரியாதா? இத்தன வருஷம் ஆபீஸ்ல என்னத்தக் கிழிச்ச நீ, ஒரு சட்டி கழுவத் தெரியல!"

நான் குழாய்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்குள் அவளுக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்துவிட்டது. நான் யார் என்பதும் நினைவு வந்துவிட்டது போல. குரல் இறங்கியது. "எழுந்திரு மா. சேல நனையுது பாரு. நான் பாத்துக்கறேன். வா, வந்து உக்காரு. மின்விசிறி போடறேன்."

"கண்ணுல சோப்பு பட்டுருச்சிக்கா" என்றேன். எழுந்திருக்கவில்லை. "கம்பி நாரு எங்க?"

அவள் அலமாரியிலிருந்து அதை எடுத்து என் பக்கத்தில் போட்டுவிட்டு, கதவைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனாள். நான் சட்டியை முடித்துவிட்டு உள்ளே போனபோது நல்ல நாற்காலி துடைத்துப் போட்டிருந்தது. டீ பூப்போட்ட கோப்பையில் இருந்தது.

இதோ இந்த வருடத் தீபாவளியும் நெருங்கிவிட்டது. போன வாரம் அக்காவிடம் கேட்டேன். மறுநாள்தான் வரச் சொல்லியிருக்கிறாள். போகும்போது பழைய சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். காலையில் கொஞ்சம் சீக்கிரமாக, அவள் எழுந்திருப்பதற்கு முன்னால்.